கட்டடத்துக்குள் முப்பத்தொரு ஹெக்டர்

கீழ்த்தளத்தில் வைத்திருந்த இரண்டு காஸ் சிலிண்டர்கள் ஒரே கிழமையில் காணாமற்போன பிறகுதான், கொட்டாஞ்சேனையில் அந்த ஆறு மாடித் தொடர்மாடிக்கு முகம் பார்த்துக் கதவு திறக்கும் மெஷின் வந்தது. சிலிண்டரைக் கொண்டுபோனவன் முகத்தை மறைத்துக்கொண்டு வரவில்லை. பட்டப்பகலில் வந்து, செக்குரிட்டி பலீலிடமே கதவைக் கொஞ்சம் பிடிக்கச் சொல்லி, இரண்டையும் தூக்கி ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனான். கதவு பிடித்துக் கொடுத்த கவலையில் பலீலுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. நிர்வாகக் குழுச் செயலாளர் ஹெக்டருக்கோ, நெடுநாள் தேடிய சாட்டு கிடைத்த மாதிரி ஆயிற்று.

ஹெக்டர் காப்புறுதிக் கொம்பனி ஒன்றில் இன்ஸ்பெக்டராக இருந்து இளைப்பாறியவர். கெட்ட மனிதரென்று யாரும் சொல்லமாட்டார்கள். தண்ணீர் மோட்டர் எரிந்தபோது தானே நின்று திருத்துவித்தார். லிப்ட் நின்றபோது ஐந்தாம் மாடிக் கிழவரைக் கதிரையோடு தூக்கி இறக்கினார். ஆனால் இளைப்பாறிய நாளிலிருந்து விசாரிக்க ஒரு கோப்பும் இல்லாமல் அவருடைய கை பரபரத்துக்கொண்டிருந்தது. மெஷினோடு, அவருடைய போனுக்கு ஒரு 'அப்'பும் வந்தது. யார் எப்போது உள்ளே வந்தார், எப்போது வெளியே போனார் என்பதெல்லாம் அதில் வரிசையாக விழும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தவர்களைக் கீழே மறித்து ஹெக்டர் முகம் பதித்தார். நேரே பார்க்க வேண்டும், இடப்பக்கம் திரும்ப வேண்டும், வலப்பக்கம் திரும்ப வேண்டும், பிறகு ஒரு தாளில் அடையாள அட்டை இலக்கமும் போன் நம்பரும் எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். மூன்றாம் மாடி நேசத்தின் முறை வந்தது.

"இந்த முகமெல்லாம் எங்க போகுது ஹெக்டர்?"

"கிளவுட்டுக்கு அக்கா."

"ஆரின்ர கிளவுட்?"

"கிளவுட் எண்டா கிளவுட்தான் அக்கா. மேல இருக்கும்."

நேசம் மேலே பார்த்தார். அங்கே முதலாம் மாடிக் குளியலறைக் குழாய் கசிந்து சீலிங்கில் பெரிய ஈரப் படம் விழுந்திருந்தது. பின்னால் ஒன்பது பேர் வெயிலில் நின்றார்கள். புருஷன் றொபேட், "முகத்தக் குடுத்திட்டு வாவனப்பா, பசிக்குது" என்றார். நேசம் முகத்தைக் கொடுத்துவிட்டுப் படியேறினார். கேள்வி கேட்டேன், பதில் வரவில்லை, ஆனாலும் கொடுத்துவிட்டேன் என்ற வெட்கம் அன்று முழுக்க அவருக்குப் பல்லில் சிக்கிய மாங்காய் நார் மாதிரி இருந்தது.

வெட்கத்துக்குக் காரணம் இருந்தது. நேசம் கோட்டைப் பகுதியில் ஒரு கப்பல் முகவர் கொம்பனியில் இருபத்தொன்பது வருஷம் ரெலிபோன் ஒப்பரேட்டராக இருந்தவர். வந்த அழைப்பெல்லாம் அவருடைய காதைத் தொட்டுத்தான் போயின. ஒரு சுவிச்சைத் தட்டினால் போதும், முதலாளியின் சண்டையும் கேட்கும், பியோனின் காதலும் கேட்கும். ஆரம்ப காலத்தில் அவரும் தட்டினார். இருபத்துநாலு வயது, மத்தியானத்துக்கு முன்னால் நித்திரை வரும், அதை விரட்ட அதைவிட நல்ல மருந்து இருக்கவில்லை.

அப்படி ஒரு நாள், சரக்குப் பிரிவில் இருந்த ஹியூபேட் என்ற கிளார்க் வேறு கொம்பனியில் வேலை விசாரிப்பதைக் கேட்டார். சாப்பாட்டு நேரத்தில் சிநேகிதி ஒருத்தியிடம் சொன்னார், வேறு கதை இல்லாத குறைக்கு. நாலு மணிக்கு அது மனேஜரின் மேசைக்குப் போய்விட்டது. அந்த மாதமே ஹியூபேட்டுக்கு வேலை இல்லை. விசாரித்த இடமும் கைகூடவில்லை. கடைசி நாளன்று அவர் நேசத்தின் அறை வாசலில் வந்து நின்று, சத்தம் போடாமல், "மிஸ், லைன் கிளியரா இருந்ததா?" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகு நேசம் அந்த சுவிச்சுக்கு மேல் பிளாஸ்டர் ஒட்டிவிட்டார். வேலையை விட்டு வரும்வரை ஒட்டியபடிதான் இருந்தது.

மெஷின் வேலை செய்யத் தொடங்கியது. வெளியே ஒன்று, உள்ளே ஒன்று. வருபவரை ஒரு பெண் குரல் பெயர் சொல்லி ஆங்கிலத்தில் வரவேற்கும், போகிறவரை வழியனுப்பும். பிள்ளைகளுக்கு நல்ல விளையாட்டு. மரக்கறிப் பையோடு நிற்பவர்களுக்குப் பூட்டுக்குத் திறப்புத் தேடும் வேலை இல்லை. எல்லாருக்கும் பிடித்துத்தான் இருந்தது, ஹெக்டர் கதைக்கத் தொடங்கும்வரை.

முதலில் நேசத்திடம்தான் தொடங்கினார். லிப்டில் வைத்து, மிகவும் அக்கறையாக, "றொபேட் அண்ணைக்கு சுகந்தானே? ஒவ்வொரு நாளும் பத்து நாப்பதுக்கு வெளியில போறார், பதினொண்டு அஞ்சுக்கு வாறார்" என்றார்.

றொபேட்டுக்குச் சீனி வருத்தம், டொக்டர் இனிப்பை நிறுத்தச் சொல்லியிருந்தார். பத்து நாற்பதுக்கு நேசம் குளிக்கப் போவார். அந்த இருபத்தைந்து நிமிஷத்தில் றொபேட் சந்திக் கடையில் ஒரு பொரித்த ரோல்ஸும் சீனி போட்ட பிளேன்ரீயும் எடுப்பது நேசத்துக்கு இரண்டு வருஷமாகத் தெரியும். மீசையே சாட்சி சொல்லும். தெரிந்துகொண்டே, இரவுச் சாப்பாட்டில் ஒரு இடியப்பத்தைக் குறைத்துக் கணக்குச் சரிசெய்து வந்தார். அது புருஷன் பெண்சாதிக்கிடையில் ஒரு சொல்லும் பேசாமல் நடந்த ஒப்பந்தம். இப்போது ஹெக்டர் நேரக் கணக்கோடு வந்து நிற்கிறார். இனி தெரியாத மாதிரி இருக்க முடியாது. அன்று றொபேட்டோடு சண்டை பிடிக்க வேண்டி வந்தது. இருவருக்கும் விருப்பமில்லாத சண்டை.

அதைக்கூட நேசம் பொறுத்திருப்பார். அடுத்தது நான்காம் மாடி உஷாந்தியின் விஷயம்.

உஷாந்தி யாழ்ப்பாணத்துப் பிள்ளை. வாடகைக்குத் தனியே இருந்து, வெள்ளவத்தையில் ஒரு அலுவலகத்துக்கு வேலைக்குப் போய் வந்தாள். ஒரு வியாழக்கிழமை அவள் நேசத்தின் கதவைத் தட்டி, உள்ளே வந்து, கதிரையில் இருந்தபடி அழுதாள். நேசம் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்.

"அன்ரி, என்ர வேலை போயிட்டுது. பத்து நாளாச்சு. ஒருத்தருக்கும் சொல்லேல்லை. அம்மாவுக்குக்கூடச் சொல்லேல்லை. வேற வேலை எடுத்திட்டுச் சொல்லுவம் எண்டு இருந்தனான்."

"சரி, அதுக்கென்ன. ஆருக்கும் நடக்கிறதுதானே."

"இல்லை அன்ரி. நேற்று ஹெக்டர் அங்கிள் மறிச்சு, 'தங்கச்சி பத்து நாளா வெளியில போகேல்லை, வருத்தமோ' எண்டு கேட்டார். நான் சும்மா சிரிச்சிட்டு வந்திட்டன். இண்டைக்கு வீட்டுக்காரர் போன் எடுத்து, பத்து நாளா வீட்டிலதானாமே, வேலை போயிட்டுதோ, வீட்டை வைச்சிருக்கப் போறியளோ விடப்போறியளோ எண்டு கேக்கிறார். அவர் எங்கட சித்தப்பாவுக்கும் சிநேகிதன். பின்னேரத்துக்குள்ள அம்மாவுக்குத் தெரிஞ்சிடும்."

அம்மாவுக்கு அதற்கு முதலே தெரிந்துவிட்டது. போன் அங்கேயே, நேசத்தின் மேசையில் வைத்து அடித்தது. உஷாந்தி அதை எடுத்துக்கொண்டு பல்கனிக்குப் போனாள். கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்ற நேசத்துக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை.

அன்று மாலையே நேசம் முதலாம் மாடிக்கு இறங்கிப் போனார். ஹெக்டரின் மனைவி ஜெசிந்தா கேக் வெட்டி வைத்தார். நேசம் கேக்கைத் தொடவில்லை.

"ஹெக்டர், என்ர முகத்தை அந்த மெஷினில இருந்து எடுத்துவிடுங்கோ. எனக்குத் திறப்புப் போதும்."

"அப்பிடி ஒராளுக்கு எடுக்கேலாது அக்கா. குழுத் தீர்மானம்."

"அப்ப அந்த வரவு போக்கை ஆர் பாக்கிறது?"

"வேற ஒருத்தரும் இல்லை. நான் மட்டுந்தான்."

"அதைத்தான் நானும் சொல்றன்."

ஹெக்டர் சிரித்தார். "அக்கா, நாங்கள் பிழை ஒண்டும் செய்யாட்டி ஏன் பயப்பிட வேணும்?"

"உங்கட குளிக்கிற அறைக்குக் கதவு இருக்கோ?"

"இருக்கு."

"ஏன், உள்ளுக்குப் பிழையோ செய்யிறீங்கள்?"

ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஹெக்டருக்கும் கொஞ்சம் வந்தது. ஆனால் முகத்தை எடுக்கவில்லை. உஷாந்தியின் விஷயத்தைச் சொன்னபோது, "நான் சுகம் விசாரிச்சனான். வீட்டுக்காரரும் என்னைச் சுகம் விசாரிக்கச் சொன்னவர்" என்றார். அவர் அதை உண்மையாகவே நம்பினார். அதுதான் நேசத்துக்குப் பெரிய தலையிடி. கள்ளனென்றால் ஏசலாம், நல்லது செய்கிறேனென்று நிற்பவரை என்ன செய்வது.

வழி, அந்த மார்கழிக் கடைசியில் ஒரு மட்டைப் பெட்டிக்குள் வந்தது. ஹெக்டர் தொடர்மாடிக்கென்று புதுவருஷக் கலண்டர் அடித்திருந்தார். பன்னிரண்டு மாதமும் கீழே சின்னதாக. மேலே செயலாளர் ஹெக்டர், டை கட்டி, சோற்றுக் கோப்பை அளவு முகத்தோடு. பலீல் வாய் திறந்த அந்தப் பெட்டியைத் தோளில் சுமந்துகொண்டு கதவடிக்கு வந்தார். பாண் வாங்கிக்கொண்டு வந்த நேசம் பின்னால் நின்றார். மேலே இருந்த கலண்டர் சரிந்து மெஷினுக்கு நேரே நின்றது.

"வெல்கம், மிஸ்டர் ஹெக்டர்" என்றது பெண் குரல். கதவு திறந்தது.

பலீல் நேசத்தைப் பார்த்தார். நேசம் பலீலைப் பார்த்தார். கதவு திரும்ப மூடியது. பலீல் கலண்டரைச் சரியாக அடுக்கிவிட்டு, மிகவும் மெதுவாக, "மிஸ், நான் ஒண்டும் பாக்கல்ல" என்றார்.

"நானும் பாக்கேல்லை. ஒரு கலண்டர் தாங்கோ, வீட்டில மாட்ட."

மாட்டவில்லை. கத்தரிக்கோலால் முகத்தைச் சுற்றி வெட்டி, பின்னால் மட்டை ஒட்டி, கைப்பைக்குள் வைத்தார்.

அந்தக் கிழமை நேசம் கறிவேப்பிலையை ஒவ்வொரு இணுக்காக வாங்கினார். உப்புக்கு ஒரு தரம், தீப்பெட்டிக்கு ஒரு தரம், அந்தத் தீப்பெட்டி ஈரமென்று மாற்றிவர இன்னொரு தரம். போகும்போது தன் முகத்தோடு போனார். வரும்போது ஹெக்டரின் முகத்தோடு வந்தார். பலீல் ஒவ்வொரு தடவையும் முதுகைக் காட்டி நின்று தெருவை ஆராய்ந்தார். வெள்ளிக்கிழமை படியில் ஹெக்டரே மறித்தார்.

"அக்கா, நேற்று மட்டும் அஞ்சு தரம் வெளியில போயிருக்கிறீங்கள்."

"ஓம் ஹெக்டர். திரும்பி வந்தனானோ எண்டும் ஒருக்காப் பாருங்கோ."

நல்ல பகிடி என்று ஹெக்டர் சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார். பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் ஆண்டுப் பொதுக்கூட்டம். துறைமுகத்துப் பாரந்தூக்கிகள் பின்னால் தெரிய, ஹெக்டர் ஒரு பெரிய ரீவியைக் கொண்டுவந்து வைத்திருந்தார். இருபத்திரண்டு வீட்டில் பதினெட்டு வீட்டுக்காரர் வந்திருந்தார்கள். றொபேட் முன்வரிசையில், ரோல்ஸ் தட்டுக்கு அருகில் இடம் பிடித்தார். மெஷின் எவ்வளவு துல்லியமென்று விளக்கிய ஹெக்டர், "உதாரணத்துக்கு என்ர கணக்கையே காட்டுறன். எனக்கு ஒளிக்க ஒண்டும் இல்லை" என்று போனைத் தட்டினார். ரீவியில் அவருடைய கிழமைக் கணக்கு விழுந்தது. உள்ளே வந்தது முப்பத்தெட்டு. வெளியே போனது ஏழு.

எல்லாரும் கழுத்தை நீட்டி ரீவியைப் பார்த்தார்கள். பிறகு றொபேட், துறைமுகத்தில் முப்பது வருஷம் மூட்டை எண்ணியவர், கணக்குச் சொன்னார். "அப்ப முப்பத்தொரு ஹெக்டர் இன்னும் உள்ளுக்க நிக்கினம்."

மொட்டைமாடி சிரித்தது. ஹெக்டர் போனை உதறினார். அப்போதுதான் ஜெசிந்தா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரீவிக்குக் கிட்டப் போனார்.

"வியாழக்கிழமை மூண்டு பன்னிரண்டுக்கு உள்ள வந்ததா இருக்கு. வியாழன் நீங்கள் நீர்கொழும்பில செத்தவீட்டுக்குப் போனதெல்லோ?"

"ஓம், அங்கதான் நிண்டனான்."

"நான் அண்டைக்கு முழுக்க வீட்டில இருந்தனான். நீங்கள் வரேல்லை. அப்ப இந்தக் கட்டடத்தில ஆரின்ர வீட்டுக்கு வந்தனீங்கள்?"

இப்போது யாரும் சிரிக்கவில்லை. சிலர் தங்கள் செருப்பைப் பார்த்தார்கள். சிலர் ஹெக்டரைப் பார்த்தார்கள், பிறகு அங்கே இருந்த இரண்டு மூன்று பெண்களைப் பார்த்தார்கள். ஹெக்டர் போனைத் திரும்பத் திரும்பத் தட்டினார். "மெஷின் பொய் சொல்லுது ஜெசிந்தா" என்றார்.

நேசம் இதை நினைக்கவேயில்லை. கணக்குப் பிழைத்து எல்லாரும் சிரிப்பார்கள், மெஷின் கழற்றப்படும், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தார். ஹெக்டர் நீர்கொழும்புக்குப் போனது அவருக்குத் தெரியாது. ஹெக்டரின் முகம் வெளிறியிருந்தது. இன்னொருவருடைய வாழ்க்கைக்குள் பகிடிக்குக் கை வைத்துவிட்டேனே என்று பட்டது. ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் எழுந்தார். கைப்பையைத் திறந்து, மட்டை ஒட்டிய ஹெக்டரை வெளியே எடுத்தார்.

"ஜெசிந்தா, வந்தது இவர். கொண்டுவந்தது நான். முப்பத்தொரு தரமும் நான்தான். உங்கட மனுசன் நீர்கொழும்பிலதான் நிண்டிருப்பார்."

ஜெசிந்தா படத்தை வாங்கி, புருஷனையும் படத்தையும் மாறிமாறிப் பார்த்தார். "படத்தில கொஞ்சம் நல்லா இருக்கிறார்" என்றார்.

சிரிப்பு அடங்க நேரமெடுத்தது. றொபேட் இடையில் எழுந்து, தன் மனைவி முப்பத்தொரு தரம் வெளியே போய் இன்னும் திரும்பி வரவில்லை, பதிலுக்கு ஹெக்டர்தான் வந்திருக்கிறாரென்றால், சமையல் ஆர் என்று கேட்டார். ஹெக்டர் மட்டும் சிரிக்கவில்லை.

"என்ர முகத்தை நீங்கள் என்னைக் கேக்காமல் எடுத்திருக்கிறீங்கள் அக்கா" என்றார்.

"ஓம். பிழைதான். மன்னிச்சுக்கொள்ளுங்கோ. நீங்கள் எங்களைக் கேட்டுத்தான் எடுத்தனீங்கள். ஆனா கதவு திறக்கத்தானே கேட்டனீங்கள். உஷாந்தி வேலைக்குப் போறாளோ எண்டு பாக்கக் கேக்கேல்லை."

ஹெக்டர் கதிரையில் அமர்ந்தார். கடைசி வரிசையில் இருந்த உஷாந்தி தலை நிமிரவில்லை. கூட்டம் அத்தோடு முடிந்தது. கணக்கறிக்கை வாசிக்காமலே விட்டார்கள்.

அடுத்த நாள் காலை மெஷின் விற்ற கொம்பனியிலிருந்து வினோதன் என்ற இளைஞன் வந்தான். படத்துக்கு ஏமாறும் மலிவான வகை இதுவென்று அவனே ஒப்புக்கொண்டான். பாதுகாப்புக்காக ஹெக்டரின் முகத்தை முதலில் தடுப்புப் பட்டியலில் போட்டான். ஹெக்டர் தன் கட்டடத்துக்குள் வர மணி அடித்துக்கொண்டு வெளியே நின்றார்.

"இப்ப என்ன தம்பி செய்யிறது?"

"சேர், கார்ட் துலைஞ்சா வேற கார்ட் தரலாம். முகம் வெளியில போனா வேற முகம் எங்க எடுக்கிறது."

அவன் பகிடியாகச் சொல்லவில்லை. ஹெக்டர் அதைக் கேட்டுவிட்டு நெடுநேரம் மெஷினையே பார்த்துக்கொண்டு நின்றதாகப் பலீல் பிறகு சொன்னார்.

கார்டுக்கு மாறுவதென்று தீர்மானித்தார்கள். மூன்று வீட்டுக்காரருக்கு விருப்பமில்லை. கை நிறையப் பையோடு கார்டைத் தேட முடியாதென்றார்கள். அதுவும் நியாயம்தான். பதிந்த முகங்களை அழிக்கும்போது நேசம் வினோதனுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தார்.

"இதில அழிஞ்சுது. கிளவுட்டில?"

வினோதன் தலையைச் சொறிந்தான். "அது எங்கட கையில இல்லை அன்ரி. கொம்பனிக்குத்தான் எழுத வேணும்."

எழுதினார்கள். உஷாந்தி ஈமெயில் அனுப்பினாள். நேசம் பதிவுத் தபாலில், பத்தொன்பது வீட்டுக் கையெழுத்தோடு. இப்படியான விஷயத்துக்கென்று சட்டம் ஒன்று வந்திருப்பதாகப் பேப்பரில் வாசித்திருந்தார். அது இன்னும் முழுசாக நடைமுறைக்கு வரவில்லையென்றும் அதே பேப்பரில் இருந்தது. இரண்டு மாதம் பதில் இல்லை. பிறகு நேசம் போனைக் கையில் எடுத்தார். எந்தக் கொம்பனியிலும் மனேஜரை அடையும் வழி ஒப்பரேட்டருக்குத்தான் தெரியும், ஒப்பரேட்டரை அடையும் வழி இன்னொரு ஒப்பரேட்டருக்குத்தான் தெரியும். ஆறாம் நாள், 'சேர் மீட்டிங்கில' என்று சொல்லிவந்த பிள்ளையே களைத்து, நேரடி நம்பரைக் கொடுத்துவிட்டாள். அதற்கடுத்த கிழமை, எல்லாம் அழிக்கப்பட்டதென்று இரண்டு வரிக் கடிதம் வந்தது. உண்மையோ என்று யாருக்குத் தெரியும். நேசம் அதை அறிவித்தல் பலகையில் ஒட்டினார்.

ஹெக்டர் மூன்று கிழமை நேசத்தோடு கதைக்கவில்லை. நாலாம் கிழமை நான்காம் மாடிக்குப் போய் உஷாந்தியிடம் மன்னிப்புக் கேட்டார். கேட்டதோடு நிற்காமல், தன் பழைய காப்புறுதிக் கொம்பனியில் ஒரு இடம் இருக்கிறது, விண்ணப்பம் கொண்டுவந்து தரவா என்றும் கேட்டார். உஷாந்தி வேண்டாமென்று மரியாதையாகச் சொன்னாள். தானாகவே தேடி, இரண்டு மாதத்தில் வேறு வேலைக்குப் போனாள். எங்கே என்று ஹெக்டர் விசாரிக்கவில்லை. விசாரிக்காமல் இருக்க அவர் பட்ட பாட்டை லிப்டில் அவரோடு நின்றவர்கள் கண்டார்கள்.

போன கிழமை நேசம் வெள்ளவத்தையில் ஒரு கடைக்குச் சீலை எடுக்கப் போனார். பில் போடும் பிள்ளை, தலை நிமிராமல், பெயரும் பிறந்த திகதியும் போன் நம்பரும் கேட்டாள்.

"ஏன் பிள்ளை, சீலைக்கு என்ர பிறந்த திகதி தெரிய வேணுமோ?"

பிள்ளை நிமிர்ந்தாள். "தெரியாது அன்ரி. ஒருத்தரும் கேட்டதில்லை."

"ஒருக்காக் கேட்டுப் பாருங்கோ. நான் நிக்கிறன்."

பிள்ளை மனேஜரைத் தேடி உள்ளே போனாள். வரிசையில் பின்னால் நின்ற ஆறு பேரும், நேசத்தின் முகத்தைப் பார்த்துவிட்டு, கையிலிருந்த பைகளைத் தரையில் வைத்தார்கள்.